உவரிக் காற்றில் நின்ற ஸ்ப்ளெண்டர்

பெயிண்ட் அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பைக்கின் மெயின் ஸ்டாண்டில், குறுக்குக் குழாயில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம் தெரிந்தது. நகத்தால் கீறினேன். மேலே இருந்த கறுப்புப் பெயிண்டும் அடியில் இருந்த ரெட் ஆக்சைடு பிரைமரும் ஒன்றாக உரிந்து வந்தன. உள்ளே ஈரம் காயாத ஆரஞ்சு நிறத் துரு. குனிந்து பார்த்தால் பக்கத்திலேயே இன்னும் நாலைந்து கொப்புளங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துச் செய்த வேலை அது. மனசே விட்டுப் போனது.

வண்டி 2003 மாடல் ஸ்ப்ளெண்டர். உவரியில் ஒரு வீட்டில் ஓலைக் கொட்டகைக்குள் நான்கு வருடம் நின்றிருக்கிறது. கப்பல் மாதா கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கொட்டகையில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும், உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். ஓட்டியவர் இறந்துபோனார். பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த அம்மா விற்கச் சம்மதித்தார். சின்ன வயதில் நான் ஓட்டிப் பழகியதும் இதே மாடல்தான். அதனால் விலை பேசும்போதே எனக்கு ஆசை வந்துவிட்டது. குட்டியானையில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தோம்.

இன்ஜினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிளக் ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு, கிக்கரை மிதிக்காமல் கையாலேயே மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் இளகியது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, ஆயில் மாற்றி, புது பிளக் போட்டதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. பிரச்சினை முழுக்க வெளி இரும்பில்தான். ரிம், ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார், பிரேக் ராடு, டேங்கின் உட்புறம் எல்லாம் துரு. செயின் மட்டும் மூடிய கவருக்குள் இருந்ததால் பரவாயில்லை.

முதல் தடவை எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி, இரும்பு பளபளவென்று வரும்வரை தேய்த்தேன். 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட், கறுப்பு இரண்டு கோட். பார்க்கப் புது வண்டிதான். அதன் பிறகுதான் இந்தக் கொப்புளம்.

மார்க்கெட் பக்கம் நாற்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் ஸ்டாண்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"வண்டி எந்த ஊரு?"

"உவரி, அண்ணாச்சி."

"அதான பாத்தேன். தம்பி, நீங்க துருவத்தான் எடுத்திருக்கிய, உப்ப எடுக்கலய. கடக்கர வண்டிய மொதல்ல தண்ணில போடணும். உப்புத்தாளு அப்புறம்."

எனக்கு அன்றைக்கு அது முழுசாகப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து படித்தபிறகு புரிந்தது. கடல் காற்றோடு வரும் உப்பு இரும்பின் மேல் தூசி மாதிரி சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. துரு இரும்பில் குழி பறித்துக்கொண்டே உள்ளே போகும். உப்பிலிருக்கும் குளோரைடு அந்தக் குழியின் அடியில் போய்த் தங்கிவிடும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரத்தில் இரும்பு கரையும், துருவாகும், குளோரைடு மறுபடி விடுபட்டு அடுத்த சுற்று வேலையைத் தொடங்கும். துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளமாகத் தூக்குகிறது. கம்பி பிரஷ் மேட்டை மட்டும்தான் தொடும். குழியின் வாயை மெழுகிவிட்டு அடியில் உப்பை அப்படியே விட்டுவிடும். நான் பளபளப்பாக்கி வைத்தது அதைத்தான்.

சரி, முதலில் இருந்து தொடங்குவோம் என்று ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட் கம்பி, பிரேக் பெடல், செயின் கவர், பேட்டரித் தட்டு எல்லாவற்றையும் கழற்றி, பெயிண்டை உரித்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் போட்டேன். எங்கள் வீட்டுக் குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வருகிறது. இந்த வேலைக்கு அது பெரிய வரம். இதையே உவரியில் போர் தண்ணீரில் செய்திருந்தால் உப்பை எடுக்க உப்புத் தண்ணீரை ஊற்றிய கதையாகியிருக்கும். தண்ணீரில் கொஞ்சம் சலவை சோடா கலந்தேன். சோடா கலந்தால் ஊறும்போது புதுத் துரு பிடிக்காது, குளோரைடும் எளிதாக வெளியே வரும். தினமும் சாயங்காலம் தண்ணீரை மாற்றினேன்.

உப்பு போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது பள்ளியில் வேதியியல் எடுக்கும் ஒரு நண்பர். பாகத்தை வெளியே எடுத்துக் கழுவி, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் ஒரு இரவு தனியாக ஊறவிடச் சொன்னார். மறுநாள் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டார். பால் ஊற்றிய மாதிரி வெளுத்தது. குளோரைடு இருந்தால் அப்படித்தான் வெளுக்குமாம். சோடா தண்ணீரில் நேரடியாகச் சோதித்தால் சோடாவே வெண்மை காட்டி ஏமாற்றிவிடும், குழாய்த் தண்ணீரிலும் குளோரின் கலந்திருக்கும், அதனால்தான் பேட்டரித் தண்ணீர். எட்டு நாள் கழித்து மறுபடி சோதித்தபோது மங்கலாக ஒரு புகை மாதிரிதான் தெரிந்தது. அந்தக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், வண்டி ஸ்டார்ட் ஆன அன்றைக்குக்கூட வரவில்லை.

சில்வர் நைட்ரேட் கிடைக்காதவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. துரு எடுத்த பாகத்தைக் காயவைத்து, ஈரக் காற்றில் இரண்டு இரவு சும்மா வையுங்கள். மேலே ஊசி முனை அளவுக்கு வியர்வைத் துளி போல ஈரமான ஆரஞ்சுப் புள்ளிகள் வந்தால் குழிக்குள் இன்னும் உப்பு இருக்கிறது. ஒரே சீராக மெல்லிய மஞ்சள் படலம் வந்தால் அது சாதாரணத் துரு, கவலை வேண்டாம்.

அடுத்தது மின்சாரம். கனமான பாகங்களுக்கு நான் கண்டதில் இதைவிட நல்ல வழி இல்லை. பிளாஸ்டிக் தொட்டியில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் ஒயரைத் துருப்பிடித்த பாகத்தில் மாட்ட வேண்டும். பாசிட்டிவ் ஒயரை வீணாகப் போகும் இரும்பில். நான் வீடு கட்டியபோது மிஞ்சிய கட்டுமானக் கம்பித் துண்டுகளை நான்கு பக்கமும் நிறுத்தி ஒன்றாக இணைத்தேன். எதிரும் புதிருமாக இருக்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும் என்பதால் ஒரே பக்கம் கம்பி வைத்தால் போதாது. பாகமும் கம்பியும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஒயரை மாற்றி மாட்டிவிட்டால் காப்பாற்ற வந்த பாகமே கரைந்து போகும். அதனால் சுவிட்ச் போடும் முன் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்: பாகத்துக்கு நெகட்டிவ்.

இதில் நல்ல இரும்பு தேயாது, துரு மட்டும் இளகும். குழிக்குள் இருக்கும் மிச்சக் குளோரைடும் பாசிட்டிவ் பக்கம் இழுபட்டு வெளியேறும். கடற்கரை வண்டிக்கு இது இரட்டை லாபம். ஐந்தாறு மணி நேரம் கழித்து எடுத்தால் துரு கறுப்புச் சேறாக மாறி, தேங்காய் நாரால் தேய்த்தாலே வந்துவிடும்.

மூன்று எச்சரிக்கை. சலவை சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போடவே கூடாது. விஷவாயுவான குளோரின் வரும், எடுத்த உப்பை நீங்களே திரும்பப் போட்டதாகவும் ஆகும். எவர்சில்வர் கரண்டியையோ தட்டையோ பாசிட்டிவில் மாட்டாதீர்கள். அதிலிருக்கும் குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும். தொட்டியில் குமிழ் குமிழாக வருவது ஹைட்ரஜன். மொட்டை மாடியில், காற்றோட்டத்தில், பீடி சிகரெட் பக்கத்தில் வராமல் செய்ய வேண்டும். அலுமினியப் பாகத்தை இந்தத் தொட்டியில் போட்டால் சோடா அதைத் தின்றுவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹப், பிரேக் தட்டு எல்லாம் அலுமினியம்.

நட்டு, போல்ட், வாஷர், கிளாம்பு போன்ற பொடிச் சாமான்களுக்கு எலுமிச்சை உப்பு. சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் தருவார்கள், டவுனில் வாங்கினேன். லிட்டருக்கு 50 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர். சித்திரை மாதம் மொட்டை மாடியில் வைத்தால் சூடு பண்ணக்கூட வேண்டாம், எங்கள் ஊர் வெயிலே போதும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து, துரு போனதும் நிறுத்திவிட வேண்டும். ஊற ஊற நல்ல இரும்பையும் அரிக்கும். துத்தநாக முலாம் இருந்தால் அதையும் கரைத்துவிடும். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் முக்கி, கழுவி, உடனே காயவைக்க வேண்டும். இந்த 'உடனே' மிக முக்கியம். காலை எட்டு மணிக்குக் கழுவி வைத்துவிட்டு காபி குடித்து வந்தேன், எல்லாம் மஞ்சளாகியிருந்தது. அதன் பிறகு மத்தியான வெயிலில் ஏற்கெனவே சூடேறிய தகரத்தின் மேல் போட்டுத்தான் காயவைப்பது. இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்ததும் எண்ணெய்த் துணி.

ஸ்பிரிங்குகளை மட்டும் எந்த ஆசிட்டிலும், மின்சாரத் தொட்டியிலும் போடாதீர்கள். பிரேக் ஷூ ஸ்பிரிங், ஸ்டாண்டு ஸ்பிரிங் எல்லாம் கடினப்படுத்திய இரும்பு. ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால் முறுகிப்போய் திடீரென்று உடையும். புதுசே வாங்கிவிடலாம், பெரிய விலை இல்லை.

பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைப் பயன்படுத்தச் சொல்லிப் பலர் என்னிடம் சொன்னார்கள். துரு கண் முன்னால் போகும் என்பது உண்மைதான். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், பெயரிலேயே குளோர் இருக்கிறது. எட்டு நாள் தண்ணீர் மாற்றி எடுத்ததை ஒரே முக்கில் திரும்பக் கொடுக்கும். குரோமையும் கரைக்கும். மூடி திறந்திருந்தால் அதன் புகையே அறையிலிருக்கும் ஸ்பேனர்களைத் துருப்பிடிக்க வைக்கும்.

டேங்க்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. மூடியைத் திறந்தால் கெட்டுப்போன பெட்ரோல் நாற்றம், டார்ச் அடித்தால் செம்மண் தரை மாதிரி உட்புறம். பழைய பெட்ரோலை வடித்து, பெட்ரோல் காக்கையும் மீட்டர் மிதவையையும் கழற்றி, துளைகளை ரப்பர் வைத்து அடைத்தேன். சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை அலசி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். பிசுக்கு இருந்தால் ஆசிட் இரும்பைத் தொடாது. அப்புறம் பழைய நட்டு இருபத்தைந்தை எண்ணி உள்ளே போட்டு, தண்ணீரோடு நன்றாகக் குலுக்கினேன். எண்ணுவது அவசியம், ஒன்று உள்ளே தங்கிவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கடகடக்கும். பொருக்கு எல்லாம் உதிர்ந்து வந்தபின் அரைக் கிலோ எலுமிச்சை உப்பைப் பத்து லிட்டர் வெந்நீரில் கரைத்து, கழுத்து வரை நிரப்பி ஒரு இரவு. தண்ணீர் குறைவாக இருந்தால் அந்த மட்டத்தில் கோடு போட்ட மாதிரி அரிக்கும். காலையில் வடித்தபோது கறுஞ்சாயமாக வந்தது. சமையல் சோடா தண்ணீர், நல்ல தண்ணீர், உடனே முடி காயவைக்கும் டிரையர். பெட்ரோல் வாடை துளிகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் டிரையரை எடுத்தேன். காலி டேங்கில் மிஞ்சும் பெட்ரோல் ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்து. ஓட்டை இருந்தால் வெல்டிங் பக்கம் போகாதீர்கள். அனுபவமுள்ளவரிடம் ஈயப் பற்று வைக்கக் கொடுங்கள்.

காய்ந்ததும் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு லிட்டர் ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்டினேன். இப்போது டேங்கை எப்போதும் நிறைத்தே வைக்கிறேன். காலியான இடத்தில்தான் ஈரம் வியர்க்கும். இன்றைக்குப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு இருக்கிறது, அது ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நிறுத்துகிற வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரிம்மிலும் ஹேண்டில்பாரிலும் இருக்கும் குரோமை உப்புத்தாளால் தொடக்கூடாது. குரோம் என்று நாம் பார்ப்பது ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலம், அதற்குக் கீழே நிக்கல், அதற்கும் கீழேதான் இரும்பு. சமையல் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமைவிட மிருது, அதனால் கீறாது. சாம்பல் நிறக் குழம்பு வரும், துடைத்தால் அடியில் பளபளப்பு. புள்ளிப் புள்ளியாகக் குழி மட்டும் தெரியும். அது குரோம் ஓட்டையானதற்கு அடையாளம், எதைத் தேய்த்தாலும் போகாது. மேலே மெழுகு பூசி ஈரம் புகாமல் அடைக்கலாம், அவ்வளவுதான். முன் ஃபோர்க் குழாயில் அந்த மாதிரிக் குழி ஆயில் சீல் ஏறி இறங்கும் இடத்திலேயே இருந்தது. அது சீலை அரத்தால் அறுத்த மாதிரி கிழிக்கும். இரண்டு குழாயையும் மாற்றிவிட்டேன். ஸ்போக்ஸ் முழுசும், பின் ஆக்சில், பிரேக் ராடு ஆகியவையும் புதுசு. உயிர் தொங்குகிற இடங்களில் பழைய இரும்பின் மேல் எனக்குப் பாசம் கிடையாது. ரிம்மின் உட்புறம், டியூப் உட்காரும் பக்கம், துருப் பொருக்கு கத்தி மாதிரி நின்றது. டயரைக் கழற்றாமல் இருந்திருந்தால் பஞ்சருக்குக் காரணமே தெரிந்திருக்காது.

இறுகிய போல்ட்டுகளுக்கு என் அனுபவம் இதுதான். முந்தின நாளே மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து விடுவது, சுத்தியலால் தலையில் நேராக நாலு தட்டு, திருப்பும்போது முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் தளர்த்தும் பக்கம். ஒன்று மட்டும் தலை முறிந்தது. லேத்தில் கொடுத்து எடுத்தேன்.

சேஸிஸ் நம்பர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும் அந்த எண்ணின் மேலும் துரு ஏறியிருந்தது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கவும் பெயர் மாற்றவும் அதைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுப்பார்கள். கிரைண்டர் ஒரு தடவை பட்டால் எண் மழுங்கிவிடும், வண்டி காகிதத்தில் செத்த மாதிரி. எலுமிச்சை உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை எண்ணின் மேல் வைத்து, பிளாஸ்டிக் சுற்றி, பழைய பல் பிரஷ்ஷால் மட்டும் தேய்த்தேன். மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தெளிந்தது. பெயிண்டும் அங்கே மெல்லிசாகத்தான்.

செயின் கவரின் உட்புறமும் பேட்டரித் தட்டும் என்னுடைய சொந்தச் சோதனை. மூலை முடுக்கில் முழுத் துருவையும் எடுக்க முடியாது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகும் என்று ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடுக்காயில் இருக்கும் டானின் துருவோடு சேர்ந்து, எளிதில் கரையாத கறுப்புப் படலமாகும். அருங்காட்சியகங்களில் பழைய இரும்புச் சாமான்களுக்கு டானிக் ஆசிட் பூசுவதும் இதே காரணத்துக்காகத்தான். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலை 100 கிராம் இடித்து, ஒரு லிட்டர் தண்ணீர் பாதியாகும் வரை காய்ச்சி, வடிகட்டி, பிரஷ்ஷால் பூசினேன். ஆரஞ்சு நிறம் கண் முன்னால் நீலக்கறுப்பாக மாறியது. ஒவ்வொரு பூச்சையும் ஒரு நாள் காயவிட்டு மூன்று பூச்சு. தடித்த பொருக்கின் மேல் இது வேலை செய்யாது, மெல்லிய துருவுக்குத்தான். உப்பை எடுத்தபிறகுதான் இதுவும்.

பெயிண்ட் வேலையை வைகாசிக்குள் முடித்தேன். ஆனி பிறந்தால் காற்று காலம், பணகுடிப் பக்கம் காற்றாடிகள் சுற்றத் தொடங்கினால் எங்கள் தெருவிலும் புழுதி பறக்கும், ஈரப் பெயிண்டில் மண் ஒட்டும். இந்தத் தடவை ரெட் ஆக்சைடு இல்லை, எபாக்சி பிரைமர் இரண்டு கோட். காய்ந்த இரும்பு கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே அடித்தேன். வெறும் விரலால் தொடவில்லை, வியர்வையும் உப்புதான். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் குழாயின் உள்ளே ஆயில் ஊற்றி, கவிழ்த்து உருட்டி, வடியவிட்டேன். துரு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை.

இது கார்த்திகை மாதம். ஐப்பசி மழை முழுக்க வண்டி நனைந்திருக்கிறது. போன வாரம் உவரிக்கே ஓட்டிப் போய் அந்த அம்மாவிடம் காட்டினேன். சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அவுஹ வச்சிருந்த மாதிரியே இருக்கு, ஐயா" என்றார். திரும்பி வந்ததும் இருட்டிலேயே குழாயைத் திறந்து, அடிப்பக்கம் எல்லாம் நல்ல தண்ணீரில் கழுவினேன். காலையில் ஸ்டாண்டின் குறுக்குக் குழாயை டார்ச் அடித்துப் பார்த்தேன். கொப்புளம் இல்லை. பின் மட்கார்டு நட்டு ஒன்றில் மட்டும் மஞ்சள் தெரிகிறது, அதை வருகிற ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டும்.